பதினோராவது தட்டல்

பத்துத் தடவை தட்ட வேண்டிய கருவி பதினோரு தடவை தட்டியது.

அக்மரல் முதலில் தன் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட்டாள். பதினேழு வருடமாக மனிதர்களின் விலா எலும்புகளுக்கு நடுவே அந்தக் குழலை வைத்து, பொத்தானை அழுத்தி, ஈரலைத் தட்டிப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு தட்டல் உள்ளே போகும். ஈரல் மெத்தென்று இருந்தால் அதிர்வு சோம்பலாக நகரும், நோயில் இறுகிப் போயிருந்தால் விருட்டென்று ஓடும். கருவி அதை அளந்து ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். ஆளுக்குப் பத்துத் தட்டல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அரட்டை அடித்துக்கொண்டோ, தேநீரை நினைத்துக்கொண்டோ, அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்பட்டுக்கொண்டோ எண்ணினாலும் அவளுக்குப் பத்து தப்பியதில்லை.

துஸ்திகொல் கிராமத்து மருத்துவ நிலையத்தில், தோல் கிழிந்த பச்சைக் கட்டிலில் வெறும் வயிற்றோடு படுத்திருந்தவர் ஓராஸ்பெக். இன்னும் ஏழெட்டு மணி நேரத்தில் அவளுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். பத்தாவது தட்டல் முடிந்து குழலைத் தாங்கியில் மாட்டிவிட்டாள். தோலில் தடவியிருந்த குளிர்ந்த பசையைத் துடைக்க இடது கையை அவர் வலது விலாவில் வைத்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து, அவள் உள்ளங்கையில், டொக் என்று ஒன்று வந்தது.

கருவி அதன் இடத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சம்பந்தியம்மா, என்னை எந்திரிக்க விடுவீங்களா மாட்டீங்களா?" என்றார் ஓராஸ்பெக், கூரையைப் பார்த்தபடி. "வீட்டுல அறுக்கறதுக்கு ஆடு நிக்குது. அது பத்தாதுன்னு என்னையும் அறுத்துப் பாத்துட்டுத்தான் பொண்ணு எடுப்பீங்களா?"

"சம்பந்தி நல்ல ஜாதியான்னு பாக்க வேண்டாமா?" என்று சிரித்தாள் அக்மரல். சிரிப்பு பாதியில் வறண்டது.

வெந்நீர்க் குழாய்தான். வேறென்ன? வெளியே மைனஸ் இருபது டிகிரி. சுவரோரம் ஓடும் பழைய இரும்புக் குழாய்கள் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் எதையாவது முனகிக்கொண்டிருக்கும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஆட்டைப் பற்றிப் பேசினார், ரயில் நின்று போன பனிப்புயலைப் பற்றிப் பேசினார். நடுவில் ஓர் இடத்தில் பேச்சு நின்றது. தும்மல் வரும்போது நிற்பது போல ஒரு கணம்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதே கணத்தில், கதவுக்கு வெளியே வரிசையில் நின்று சளசளத்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சும் நின்று தொடர்ந்ததை அக்மரல் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

திரையில் ஓராஸ்பெக்கின் எண் ஆறு புள்ளி மூன்று. சுகமான ஈரல்.

அடுத்து அவர் மனைவி குல்ஷாரா. பத்துத் தட்டல், கையை வைத்துக் காத்திருந்தாள், பதினொன்று. எண் ஆறு புள்ளி மூன்று. அடுத்து வீட்டு மருமகள் பிபிஷ். பத்து. பதினொன்று. ஆறு புள்ளி மூன்று. அக்மரல் கருவியின் மின்கம்பியையே பிடுங்கிவிட்டாள். பிபிஷின் விலாவில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அறையின் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டாள். குழாயில் தண்ணீர் ஓடுகிறது. ஜன்னல் விளிம்பில் பனித்தூள் உரசுகிறது. பக்கத்து அறையில் கெண்டியின் மூடி துள்ளுகிறது. சுவர்க் கடிகாரத்தின் முள் நாற்பது தடவை நகர்ந்ததும், இது எதிலும் சேராமல், தோலுக்கும் எலும்புக்கும் அடியிலிருந்து, பொறுமையாக, டொக்.

"பிபிஷ், இது என்ன?"

"எது?" பிபிஷ் அவள் கையைப் பார்த்தாள். "ஓ, அதுவா? அது இருக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இல்ல, இங்க வந்தப்புறந்தான். எங்க அப்பா அம்மாவுக்கும் இருக்கு."

"அவங்க எங்க இருக்காங்க?"

"காஸ்பியன் பக்கம். ரெண்டு நாள் ரயில். அந்தப் பயணத்துக்குப் பயந்துக்கிட்டு ஒரே ஒரு தடவைதான் வந்தாங்க, என் நிச்சயத்துக்கு." கண் சிமிட்டினாள். "பயப்படாதீங்க. நம்ம ஆளுங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, மாலை ஆட்டு ஈரலை வில்லை வில்லையாக நறுக்கும் வேலை தன்னுடையதுதான் என்று பெருமையாகச் சொன்னாள்.

பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறார்களே, அதைக் கேட்டு அக்மரல் எப்போதும் சிரிப்பாள். ஈரல் நடுங்காது, அது உடம்பிலேயே வாயில்லாப் பூச்சி, செத்துக்கொண்டிருக்கும்போதுகூட முனகாது என்று மாணவர்களுக்குச் சொல்லுவாள். அவள் கணவன் அப்படித்தான் போனான். வயது முப்பத்தெட்டு. ஒரு சனிக்கிழமை வலிக்கிறது என்றான், அடுத்த வசந்தம்வரை தாங்கவில்லை. சின்ன வயதில் யாரோ அவித்தும் அவிக்காமலும் போட்ட ஊசியில் ஏறிய கிருமி, முப்பது வருடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே உட்கார்ந்து அவனைத் தின்றிருக்கிறது. அதன் பிறகுதான் அவள் இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள். மிச்சமிருந்தது ஒரே மகன் ஐதோஸ். பிறந்த அன்றே தடுப்பூசி, வருடம் தவறாமல் ரத்தச் சோதனை, வருடம் தவறாமல் இந்தக் கருவி. போன மாதம் அவன் எண் நான்கு புள்ளி ஒன்று. மற்ற அம்மாக்கள் மகனின் மதிப்பெண்ணைச் சொல்வது போல அவள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிவாள். அவன் ஈரல் நன்றாக இருக்க வேண்டும், உலகத்தில் மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த ஐதோஸுக்குத்தான் ஓராஸ்பெக்கின் மகள் பொதாகோஸைப் பேசியிருந்தார்கள்.

மதியத்துக்குள் அறுபத்திரண்டு பேரைத் தட்டி முடித்தாள். எல்லாருக்கும் பதினொன்று. எல்லாருக்கும் ஆறு புள்ளி மூன்று. ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தாலே எண் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அறுபத்திரண்டு பேருக்கு ஒரே எண் என்றால் அறுபத்திரண்டு உடம்பில் ஒரே ஈரல் என்று அர்த்தம். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி எதுவும் இல்லை. பி இல்லை, சி இல்லை, டெல்டா இல்லை. அவள் வாழ்நாளெல்லாம் துரத்திய எதுவும் அங்கே இல்லை. அவளுக்குப் பெயர் தெரியாத ஒன்றுதான் இருந்தது.

அறுபத்துமூன்றாவது ஆள் கிம். மருத்துவ நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கொரிய வம்சத்துக்காரர். முப்பது வருடமாக இந்த ஊரில் ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, கட்டைப் பிரம்மச்சாரியாகக் காலம் தள்ளுகிறவர். அவரையும் வற்புறுத்திப் படுக்க வைத்தாள். பத்துத் தட்டினாள். கையை வைத்துக் காத்திருந்தாள். நாற்பது விநாடி, எண்பது விநாடி, இரண்டு நிமிடம். ஒன்றுமில்லை. எண் ஐந்து புள்ளி எட்டு. வயதான, தனியான, சொந்தமான ஓர் ஈரல்.

அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"இந்த ஊர்ல எல்லாரோடயும் நீங்க சாப்பிட்டிருக்கீங்கதானே?" என்று கேட்டாள்.

"எனக்குன்னு யாரு சமைக்கறா? முப்பது வருஷமா ஊரார் வீட்டுச் சோறுதான்." கிம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"ரத்தம்?"

"ஊசி குத்திக்கிட்டிருக்கேன், பிரசவத்துல முழங்கை வரைக்கும் ரத்தம் பட்டிருக்கு. அதுல எல்லாம் ஒட்டல டாக்டரம்மா." கோப்பையில் தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "நான் சாப்பிடாத பண்டம் ஒண்ணே ஒண்ணுதான். அதை யாரும் எனக்கு ஊட்டல. எனக்கு யாரு பொண்ணு குடுத்தா, நான் யாருக்குச் சம்பந்தி?"

வால்கொழுப்பும் ஈரலும். அறுத்த ஆட்டின் ஈரலை அவித்து, கொழுத்த வாலை அவித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பெண் வீட்டார் தங்கள் கையால் மாப்பிள்ளை வீட்டார் வாயில் ஊட்டுவார்கள், தாங்களும் சாப்பிடுவார்கள். அதைச் சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. பின்னால் தகராறு வந்து பஞ்சாயத்து கூடினால்கூட, 'வால்கொழுப்பும் ஈரலும் சாப்பிட்டாயா இல்லையா' என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். சாப்பிட்டவன் பின்வாங்க முடியாது.

"பொண்ணு எடுத்தவங்களுக்கு, பொண்ணு குடுத்தவங்களுக்கு, அவங்க வழி சம்பந்திங்களுக்கு," என்றார் கிம். "உங்க கணக்குல இதை என்னன்னு எழுதுவீங்களோ தெரியாது."

"அதனால யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா? நோவு, காய்ச்சல்..."

"உசிரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகல." கிம் ஜன்னலைப் பார்த்தார். வெள்ளைத் தரைக்கு அப்பால் மேட்டில் கல்லறைகளின் மண் குவிமாடங்கள் தெரிந்தன. "செத்தவங்களைக் குளிப்பாட்டறவங்க முதல்ல என்கிட்ட ஓடியாந்தாங்க. சாகலையோன்னு. நான் போய் நாடி பாத்தேன், கண்ணைப் பாத்தேன். செத்துத்தான் போயிருந்தாரு. விலா மட்டும் நிக்கல." ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தார். "கோடையில மேட்டுப் பக்கம் போனா லேசா இருக்கும். இப்ப மண்ணு இறுகிடுச்சில்ல, நல்லாக் கேக்கும். முப்பது வருஷத்து ஆளுங்க. எல்லாரும் ஒண்ணா."

தேநீர் ஆறிப்போனது. அக்மரல் அதைக் குடிக்கவில்லை.

"சாப்பிடாதீங்கம்மா," என்றார் கிம். "நான் சொல்லிட்டேன்."

சொல்வது சுலபம். அவளுக்குப் பின்னால் சுவரில் அவளுடைய படமே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு, வாய் நிறையச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: 'ஒரே தாம்பாளத்தில் கை போடுங்கள். இந்தக் கிருமி ரத்தத்தில் பரவும், சோற்றில் அல்ல.' நாடு முழுக்க அந்தப் படம் ஒட்டியிருந்தது. நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிக் கரண்டி, தனி மூலை என்று ஒதுக்கி வைத்த வீடுகளில் அவள் நோயாளியின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். ஓராஸ்பெக்கின் தங்கை அப்படி ஒதுக்கப்பட்டு, தொழுவத்தை ஒட்டிய அறையில் தனியாகக் கிடந்து செத்தவள். அதற்கு அடுத்த வருடம்தான் அக்மரல் இந்த ஊருக்கு முதல் தடவை வந்து பேசினாள். கூட்டம் முடிந்ததும் ஓராஸ்பெக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்த மனிதர் ஊட்டும் கையை அவள் எப்படித் தள்ளிவிடுவது?

மூன்று மணிக்கு ஐதோஸ் நகரத்திலிருந்து காரில் வந்து சேர்ந்தான். புது மேல்கோட்டு, காது வரை சிரிப்பு. பெரியப்பா குடும்பம் வந்த ரயில் பனியில் சிக்கி வழியிலேயே நின்றுவிட்டது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

"நீ உள்ள வராதே," என்றாள். "கிம் அறையில உக்காரு."

"என்னம்மா இது? எல்லாரும் கூப்பிடறாங்க."

"ஈரல் ஊட்டறப்ப மாப்பிள்ளை பந்தியில உக்காரக் கூடாது. வழக்கம்."

"நீங்க எப்ப இருந்தும்மா வழக்கமெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?"

"இன்னைக்கு இருந்து."

அவன் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிம் அறைக்குப் போனான். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? வாழ்நாளெல்லாம் மூடநம்பிக்கையை ஓட ஓட விரட்டியவள், பெண் வீட்டு ஈரலில் பேய் இருக்கிறது என்று சொல்வதா? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மாப்பிள்ளை பக்கத்துக்கு ஒரு வாய் போதும். அந்த வாய் தன்னுடையதாக இருக்கட்டும். ஐம்பத்திரண்டு வயதாகிறது, எனக்கு என்ன ஆனால் என்ன என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

வீட்டு வாசலில் அவித்த இறைச்சியின் வாசனையும் சாக்சவுல் புதர் விறகின் புகையும் கலந்து வந்தன. உள்ளே கம்பள அறையில் இருபத்தைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு முறைப்படி பொதாகோஸின் காதில் கம்மலை மாட்டினாள் அக்மரல். அந்தப் பெண் வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பெண். கண்ணில் ஒரு பொட்டுக் கள்ளம் இல்லை. அது இன்னும் வேதனையாக இருந்தது.

பிபிஷ் தாம்பாளத்தோடு வந்தாள். வெள்ளைக் கொழுப்பு வில்லைகளும் கறுத்த ஈரல் வில்லைகளும் மாறி மாறி அடுக்கியிருந்தன, மேலே ஆவி பறந்தது. பின்னால் நான்கு அண்ணிமார்கள், முட்டித் தள்ளிக்கொண்டு.

"வாயைப் பெருசாத் தொறங்க சம்பந்தியம்மா! சின்ன வாயா இருந்தா மூக்குல ஊட்டிருவோம்!"

"எங்க பொண்ணு லேசில வருமா? தாம்பாளம் முழுக்கத் தீக்கணும்!"

"எனக்கு ஈரல் ஒத்துக்காதும்மா," என்றாள் அக்மரல். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கொழுப்பு மட்டும்... மருந்து சாப்பிடறேன்..."

சிரிப்பு அடங்கியது. ஒவ்வொரு முகமாக அவள் பக்கம் திரும்பியது. ஓராஸ்பெக் மட்டும் புன்னகையை விடாமல், ஆனால் கண் கலங்க, மெதுவாகச் சொன்னார்:

"நீங்களே சொன்னதுதானேம்மா. ஒரே தாம்பாளத்துல கை போடுங்கன்னு. உங்க பேச்சைக் கேட்டுத்தான நாங்க மனுசங்க ஆனோம். எங்க கைன்னா உங்களுக்கும் அருவருப்பா?"

அப்போது அது வந்தது. இருபத்தைந்து விலாக்களுக்குள்ளிருந்து ஒரே சமயத்தில். காதால் கேட்டது கொஞ்சம்தான். கம்பளத்தின் வழியாக, மடக்கியிருந்த அவள் முழங்காலில் ஏறியதுதான் அதிகம். டொக். குழந்தைகள்கூட ஒரு கணம் மூச்சைப் பிடித்து விட்டார்கள். பொதாகோஸின் காதில் புதுக் கம்மல் லேசாக ஆடியது.

அக்மரல் வாயைத் திறந்தாள்.

கொழுப்பு நாக்கில் கரைந்தது. ஈரல் மாவு மாதிரி உதிர்ந்தது. இனிப்பாக இருந்தது, இரும்பு வாசனை அடித்தது. இரண்டாவது வாய். மூன்றாவது. பிபிஷின் விரல் அவள் உதட்டில் பட்டது. வழக்கப்படி அவள் முகமெல்லாம் தயிரைப் பூசிவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையை விலாவில் வைத்துக்கொண்டே சிரித்தாள். நாற்பது விநாடி. மறுபடி அறை முழுக்க டொக் என்றது. அவள் விலா சும்மா இருந்தது. இன்னொரு நாற்பது. சும்மா இருந்தது. பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டபோதும் சும்மாதான் இருந்தது.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. எனக்கு ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை. இரண்டு கிழவர்கள் சேர்ந்து கட்டிய கதையாக இருக்கும். கிம்முக்குத் தனிமை, எனக்குத் தூக்கமில்லை. கருவியும் பழசு.

புறப்படும்போது வாசலில் குல்ஷாரா அவளைக் கட்டிக்கொண்டாள். பிபிஷ் வெள்ளித்தாளில் சுற்றிய பொட்டலங்களைக் கொண்டுவந்து திணித்தாள். விருந்து முடிந்து யாரும் வெறுங்கையோடு போவதில்லை; பந்தியில் மிஞ்சியதில் வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும். சர்கித் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் வழக்கமே அங்கே கிடையாது. அக்மரல் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை செய்ததோ, அதே மாதிரி. காரில் ஏறியதும் பின் இருக்கையில் ஆய்வுக்கூடத்து ஆட்களுக்கான பைகளை வைத்தாள். மேலே இருந்த சின்னப் பொட்டலத்தை, மத்தியானத்திலிருந்து பட்டினி கிடந்த மகனின் மடியில் வைத்தாள். மனம் வேறெங்கோ இருந்தது. கை அதன் பாட்டுக்குச் செய்தது.

நாலரை மணிக்கே வெளிச்சம் நீலமாகிவிட்டது. பனி மூடிய பாதையில் சக்கரங்கள் கரகரத்தன. சூடேற்றியின் சன்னமான இரைச்சல். அக்மரல் கண்ணை மூடி, விலாவில் கை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பது. எண்பது. நூற்றிருபது. ஒன்றுமில்லை. கண்ணோரம் ஈரமானது. பிழைத்தோம்.

மேட்டின் அடியில் பாதையை மறித்துக்கொண்டு ஒட்டகங்கள் நின்றிருந்தன. ஏழெட்டு இருக்கும், முதுகெல்லாம் பனி. ஐதோஸ் ஒலிப்பானை அடித்தான். அவை அசையவில்லை.

"சரி, அதுங்க மனசு வெக்கட்டும்," என்று எஞ்சினை அணைத்தான்.

எல்லாச் சத்தமும் போனது.

பிறகு ஒரே ஒரு சத்தம். வெள்ளித்தாள் கசங்கும் சத்தம். மெல்லும் சத்தம். சூடான கொழுப்பின் வாசனை காருக்குள் பரவியது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன சாப்பிடற?"

"நீங்கதானே குடுத்தீங்க." விரலை நக்கிக்கொண்டான். "செம்மயா இருக்கும்மா. நான் பந்தியில இல்லன்னு பிபிஷ் அண்ணி எனக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்காங்க."

மடியில் தாள் விரிந்து கிடந்தது. வெள்ளையில் ஒரே ஒரு வில்லை மிச்சம். கறுப்பில் ஒன்றுகூட இல்லை.

"எப்ப இருந்து சாப்பிடற?"

"கிளம்புனதுல இருந்து."

அவள் கை தானாக நீண்டது. மேல்கோட்டுக்குள், சட்டைக்கு மேலே, வலது விலாவில். அவன் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவளுக்குப் பழக்கமான இடம். எட்டாவது எலும்புக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே. சூடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. நான்கு புள்ளி ஒன்று.

"என்னம்மா, இங்கயும் ஆராய்ச்சியா?" அவன் நெளிந்து சிரித்தான். "கேளுங்க, மார்ச்சுல வெச்சுக்கலாமா? பனி உருகிடும். பொதாகோஸுக்கும்..."

பேச்சு நின்றது.

உள்ளங்கையில், டொக்.

"...அதுதான் பிடிச்சிருக்கு. மேடு பூரா துலிப் பூத்திருக்குமாம்."

கிருமி என்றால் ஆறு வாரம் கொடுக்கும். ஆறு மாதம் கொடுக்கும். ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. முப்பது வருடம்கூடக் கொடுக்கும். இது எதையும் கொடுக்கவில்லை.

துப்பு என்று கத்த நினைத்தாள். வயிற்றில் இருப்பதையெல்லாம் வாந்தி எடு, எடுத்துவிடு. நாற்பது விநாடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் கொழுப்பு மின்னியது. இருபத்தாறு வயது. ஒரு பல்கூடச் சொத்தை இல்லை.

"ஐதோஸ், துப்..."

நின்றது. அவள் நிறுத்தவில்லை. அது நின்றது.

அவள் உள்ளங்கையில் ஒன்று. அவள் சொந்த விலாவில் ஒன்று, மகன் வாய் வைத்த பிறகுதான் சம்பந்தம் உறுதியானது போல. பின் இருக்கையில், பைகளுக்குள், வெள்ளித்தாள் சிலிர்த்தது. கண்ணாடிக்கு வெளியே, இறுகிய மண்ணுக்கு அடியில், மேடு முழுக்க. எல்லாம் ஒன்றாக.

"...பிடு," என்று முடித்தாள்.

எதை என்று அவளுக்கே நினைவில்லை. அவன் தலையாட்டிக்கொண்டு கடைசி வில்லையை எடுத்து, ஆசையாக, அவள் வாயருகே நீட்டினான். பாதையில் நின்ற ஒட்டகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பின.